அரப்பாஹோ மக்களும் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கத்தோலிக்கப் பள்ளியும்

அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கான விடுதிப் பள்ளிகளைப் பற்றிப் படித்தவர்கள் பலருக்கும் ஒரு கேள்வி எழும். அந்தப் பள்ளிகள் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மொழியையும் வழிபாட்டையும் அழிக்கப் பார்த்த இடங்கள் என்றால், வயோமிங்கில் அரப்பாஹோ தலைவர்களே கத்தோலிக்கக் குருக்களுக்கு இடம் காட்டி, "இங்கே பள்ளி கட்டுங்கள்" என்றது ஏன்? தலைவர்கள் ஏமாந்துபோனார்களா, அல்லது மனமாற மதம் மாறிவிட்டார்களா?

இரண்டும் இல்லை என்பதே என் பதில். கையில் இருந்த வழிகளில் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ஒரே வழி அதுதான். மண்ணில் காலூன்றவும் அது உதவும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு பாதி பலித்தது, பாதிக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

முதலில் எந்த அரப்பாஹோ என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இன்று இவர்கள் இரண்டு பிரிவாக இருக்கிறார்கள். தெற்கு அரப்பாஹோ செயென் மக்களோடு சேர்ந்து ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள். வடக்கு அரப்பாஹோ வயோமிங்கின் விண்ட் ரிவர் ஒதுக்கு நிலத்தில் இருக்கிறார்கள். செயின்ட் ஸ்டீஃபன்ஸ் வடக்குப் பிரிவினரின் பள்ளி. இணையத்தில் பலர் ஓக்லஹோமாவில் இருந்த டார்லிங்டன் பள்ளிக் கதையையும் இதையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். டார்லிங்டனில் இருந்தவர்கள் குவேக்கர்கள், மென்னோனைட்டுகள் என்ற புராட்டஸ்டன்ட் சபையினர். அது வேறு கதை.

இனி நிலத்துக்கு வருவோம், ஏனென்றால் பள்ளிக் கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1851ஆம் ஆண்டு லாரமி கோட்டை ஒப்பந்தம் அரப்பாஹோ, செயென் மக்களுக்கு இன்றைய கொலராடோ, வயோமிங் சமவெளியில் பெரும் பரப்பை ஒப்புக்கொண்டது. 1858இல் கொலராடோவில் தங்கம் கிடைத்ததும் அந்த ஒப்பந்தம் காகிதமாகிப் போனது. 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் கிரீக்கில் செயென், அரப்பாஹோ முகாம் மீது படை பாய்ந்து பெண்கள், குழந்தைகள் உட்படக் கொன்று குவித்தது. அடுத்த ஆண்டே டங் ஆற்றங்கரையில் இன்னொரு அரப்பாஹோ முகாம் தாக்கப்பட்டது. 1874இல் மறுபடியும் ஒரு தாக்குதல். அதில் அமெரிக்கப் படையோடு ஷோஷோனி வீரர்களும் சேர்ந்து வந்தார்கள்.

இந்த ஷோஷோனிகளின் நிலத்துக்குத்தான் 1878இல் வடக்கு அரப்பாஹோவைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வந்தவர்கள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. விண்ட் ரிவர் 1868 ஒப்பந்தப்படி தலைவர் வாஷக்கியின் ஷோஷோனிகளுக்கு உரியது. அரப்பாஹோவுக்கு அங்கே எழுத்தில் எந்த உரிமையும் இல்லை. தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். எந்த நாளும் "கிளம்புங்கள்" என்று சொல்லக்கூடிய நிலை. பிளாக் கோல், ஷார்ப் நோஸ் என்ற இரு தலைவர்களும் அடுத்த பதினைந்து ஆண்டுகள் எடுத்த ஏறக்குறைய எல்லா முடிவுகளுக்கும் பின்னால் இந்த அச்சம் இருந்தது. அரசோடு நல்ல பெயர் வேண்டும், மண்ணில் நிலையான கட்டடம் வேண்டும், ஒதுக்கு நிலத்தை நிர்வகித்த அரசு அலுவலகமான ஏஜென்சியில் பேச ஆங்கிலம் தெரிந்த இளைஞர்கள் வேண்டும். பள்ளி இந்த மூன்றுக்கும் பொருந்தியது.

நல்ல பெயருக்காக அவர்கள் முதலில் கொடுத்தது மிகப் பெரிய விலை. 1881இல் அரப்பாஹோவும் ஷோஷோனியுமாகப் பதினைந்து பிள்ளைகள் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். இரயிலில் பல நாள் பயணம், ஆயிரத்தைந்நூறு மைலுக்கும் அப்பால். ஷார்ப் நோஸின் மகன் லிட்டில் சீஃப் அதில் ஒருவன், வயது 14. ஹார்ஸ் என்ற பையனுக்கு 11, லிட்டில் ப்ளூமுக்கு 9. மூவரும் அங்கேயே இறந்துபோனார்கள். அவர்களைப் புதைத்த இடத்திலிருந்து வடக்கு அரப்பாஹோ மக்கள் எலும்புகளை மீட்டது 2017 ஆகஸ்டில்தான். அப்போதும் லிட்டில் ப்ளூமின் கல்லறையைத் தோண்டியபோது உள்ளே இருந்தவை வேறு இருவரின் எச்சங்கள். அவனுடைய எச்சங்களைச் சரியாக அடையாளம் கண்டு ஊருக்குக் கொண்டுவர 2018 ஆனது. 135 ஆண்டுகள் ஒரு குடும்பம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு, மகனை அப்படி இழந்த தலைவர் ஊர் எல்லையிலேயே ஒரு பள்ளி வரப்போகிறது என்று கேட்டால் என்ன நினைத்திருப்பார் என்று யோசியுங்கள்.

பக்கத்தில் பள்ளியே இல்லையா என்றால், இருந்தது. அரசு 1870களில் ஒதுக்கு நிலங்களைத் திருச்சபைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தது. அதிபர் கிராண்டின் சமாதானக் கொள்கை என்று இதைச் சொல்வார்கள். விண்ட் ரிவர் எபிஸ்கோப்பல் என்ற புராட்டஸ்டன்ட் சபைக்குப் போனது. வேல்ஸைச் சேர்ந்த ஜான் ராபர்ட்ஸ் என்ற போதகர் 1883 பிப்ரவரியில் வந்து அரசுப் பள்ளியை நடத்தினார். ஆனால் அந்தப் பள்ளி வாஷக்கி கோட்டைப் பக்கம், ஷோஷோனிகள் குடியிருந்த மேற்குப் பகுதியில் இருந்தது. அரப்பாஹோ கிழக்கே, லிட்டில் விண்ட் ஆறு பெரிய ஆற்றோடு சேரும் தாழ்நிலத்தில் தங்கியிருந்தார்கள். இடையில் சுமார் 25 மைல். குளிர்காலத்தில் பனி மூடிய பாதையில் அது ஒரு நாளைக்கு மேற்பட்ட பயணம். அதோடு பத்து ஆண்டுக்கு முன் சண்டையிட்டவர்களின் வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் 1884இல் இயேசு சபைக் குரு ஜான் யூட்ஸ் வருகிறார். ஆஸ்திரியாக்காரர், ஜெர்மன் இயேசு சபையினர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் நடத்திய மறைப்பணியிலிருந்து வந்தவர். அனுப்பியவர் ஒமாஹாவில் இருந்த ஆயர் ஜேம்ஸ் ஓகானர். பிளாக் கோலின் சம்மதத்தோடு, அவருடைய ஆட்கள் தங்கியிருந்த இடத்துக்கு அருகில், ஆறுகள் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் மிஷன் அமைந்தது. கறுப்பு அங்கி போட்ட குருக்கள் அரப்பாஹோவுக்குப் புதியவர்களும் அல்லர். 1851 ஒப்பந்தக் கூட்டத்துக்கு வந்த இயேசு சபைக் குரு டெ ஸ்மெட் 305 அரப்பாஹோ குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஞானஸ்நானத்தைப் பெற்றோர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது வேறு விஷயம். குழந்தைக்கு ஒரு பாதுகாப்பு என்று ஏற்றிருக்கலாம் என்பது என் ஊகம். பழைய அறிமுகம் என்ற அளவில் அது உதவியது.

யூட்ஸ் அதிக நாள் இருக்கவில்லை. விரைவிலேயே டகோட்டாவுக்குப் போய், 1888இல் பைன் ரிட்ஜில் ஹோலி ரோசரி மிஷனைத் தொடங்கினார். செயின்ட் ஸ்டீஃபன்ஸில் அடுத்தடுத்துத் தலைவர்கள் மாறினார்கள். முதல் பத்து ஆண்டுகளின் பெரிய பலவீனமே இதுதான். மொழி கற்றுக்கொள்ளத் தொடங்கும்போது ஆள் மாறிவிடுவார், புதியவர் மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்குவார்.

பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் வந்தது பிலடெல்பியாவின் கேத்தரின் ட்ரெக்ஸெலிடமிருந்து. வங்கியாளர் பிரான்சிஸ் ட்ரெக்ஸெலின் மகள், 1885இல் தந்தை இறந்தபின் பெரும் சொத்துக்கு வாரிசானவர். ஆயர் ஓகானர் அவருடைய ஆன்ம வழிகாட்டி. வயோமிங்கின் மூலையில் இருந்த ஒரு மிஷனுக்குப் பிலடெல்பியாப் பணம் போய்ச் சேர்ந்தது இந்த உறவால்தான். ட்ரெக்ஸெல் பின்னால் துறவு பூண்டு, 1891இல் தனிச் சபை நிறுவி, பூர்வகுடிகள், கறுப்பினத்தவர் பள்ளிகளுக்கே தம் சொத்தின் வருமானத்தைச் செலவிட்டார். 2000ஆம் ஆண்டு புனிதர் பட்டம் பெற்றார். 1888 அளவில் கன்சாஸின் லெவன்வொர்த் அன்பின் சகோதரிகள் சபைக் கன்னியர் வந்து வகுப்பு தொடங்கினார்கள். அவர்கள் நிலைக்கவில்லை. 1892இல் பிலடெல்பியாவின் பிரான்சிஸ்கன் சகோதரிகள் வந்த பிறகுதான் பள்ளிக்கு ஒரு தொடர்ச்சி கிடைத்தது.

கன்னியர் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு வரைபடத்தைப் பார்த்தால் போதும். அன்றைக்கு அருகில் இருந்த இரயில் நிலையங்களில் ஒன்று தெற்கே ராலின்ஸ். அங்கிருந்து லேண்டர் ஊருக்கு 125 மைல் போல, லேண்டரிலிருந்து மிஷனுக்கு மேலும் இருபது மைலுக்கு மேல். மாவு, கண்ணாடி, அடுப்பு, ஆணி எல்லாம் சரக்கு வண்டியில் வர வேண்டும். ஐயாயிரம் அடி உயரத்தில் வறண்ட நிலம், வாய்க்கால் வெட்டாமல் எதுவும் விளையாது. பயிர் பொய்த்தால் வெளியிலிருந்து வாங்கிச் சமாளிக்கவும் முடியாது. இரயில் பாதை அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது 1906இல்தான். அதே ஆண்டில்தான் மிஷனுக்கு எதிரே, ஒதுக்கு நிலத்திலிருந்து பிரித்து எடுத்த பகுதியில் ரிவர்டன் ஊர் முளைத்தது.

பணம் எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மிஷன் பள்ளிகளின் நல்லது கெட்டது இரண்டையும் தீர்மானித்தது அதுதான். 1880களில் அரசு மிஷன் பள்ளிகளோடு ஒப்பந்தம் போட்டு, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கொடுத்தது. டகோட்டாவின் ரோஸ்பட் ஒதுக்கு நிலத்தில் இருந்த செயின்ட் பிரான்சிஸ் பள்ளி ஒப்பந்தம் நீதிமன்றம் வரை போனதால் அதன் கணக்கு நமக்குத் தெரியும். 250 பிள்ளைகள், தலைக்கு ஆண்டுக்கு 108 டாலர், மொத்தம் 27,000 டாலர். நாளுக்குப் பிரித்தால் 30 செண்ட் வருகிறது. சாப்பாடு, உடை, படுக்கை, விறகு, மருந்து, பாடம் எல்லாம் அதற்குள். போதவே போதாது. கன்னியருக்குச் சம்பளம் இல்லை என்பதாலும், பிள்ளைகளே வேலை செய்ததாலும்தான் இந்தப் பள்ளிகள் ஓடின.

இதிலிருந்து இரண்டு கேடுகள் பிறந்தன. தலைக்கு இவ்வளவு என்றால் தலை எண்ணிக்கை கூடினால் பணம். எனவே படுக்கைகளை நெருக்கிப் போடும் உந்துதல் வந்தது. காசநோயும், கண்ணைக் கெடுக்கும் டிராக்கோமாவும் பரவ அது போதும். ஒரே துண்டு, ஒரே கழுவும் தொட்டி என்று பல பிள்ளைகள் பயன்படுத்திய இடங்களில் டிராக்கோமா வகுப்பு வகுப்பாகத் தாவியது. இரண்டாவது, பிள்ளைகளின் உழைப்பு. அரை நாள் பாடம், அரை நாள் வேலை என்பது அன்றைய பூர்வகுடிப் பள்ளிகளின் பொதுவான ஏற்பாடு. பையன்களுக்கு வயல், மாட்டுத் தொழுவம், தச்சு. பெண் பிள்ளைகளுக்குச் சமையல், சலவை, தையல். தொழிற்கல்வி என்று பெயர். ஆனால் ஆண்டு முழுக்கச் சட்டை துவைக்கும் பெண் பிள்ளை முதல் மாதத்துக்குப் பிறகு புதிதாக எதையும் கற்பதில்லை. பள்ளியின் துணிதான் வெளுக்கிறது. பூர்வகுடிகளின் நிலையை ஆராய்ந்து 1928இல் வெளியான மெரியம் அறிக்கை அரசு விடுதிப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் ஒரு நாள் உணவுக்கு 11 செண்ட் ஒதுக்கியதைச் சுட்டிக்காட்டியபோது, பிள்ளைகளின் உழைப்பு இல்லாமல் அந்தப் பள்ளிகளால் ஓட முடியாது என்பதையும் வெளிப்படையாகச் சொன்னது.

1890களில் அந்தக் குறைந்த பணத்துக்கும் ஆபத்து வந்தது. கத்தோலிக்க எதிர்ப்பு அரசியல் வலுத்த காலம். சபைப் பள்ளிகளுக்கு வரிப்பணம் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முடிவெடுத்துப் படிப்படியாகக் குறைத்தது. 1895இல் கொடுத்ததில் அடுத்த ஆண்டு 80 சதவீதம், பிறகு 50, 40, 30, கடைசியாக 1900க்கு 15 சதவீதம். இதற்கிடையே 1896இல் பிரௌனிங் தீர்ப்பு என்ற அதிகாரி உத்தரவு, பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்பதை முடிவு செய்யும் உரிமை பூர்வகுடிப் பெற்றோருக்கு இல்லை, ஏஜென்சியின் தலைமை அதிகாரியான ஏஜெண்டுக்குத்தான் என்றது. அரசுப் பள்ளி நிரம்பிய பிறகுதான் மிஷன் பள்ளிக்குப் பிள்ளை போகலாம். 1902இல் அது நீக்கப்பட்டது. 1901இல் மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கான ரேஷனும் நிறுத்தப்பட்டது. எருமைகள் அழிந்து, ரேஷனே உணவாகிவிட்ட மக்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. அந்த ஆண்டுகளில் மிஷன் பள்ளிகளைத் தாங்கியது பெரும்பாலும் ட்ரெக்ஸெலின் பணமும், கிழக்கே இருந்த கத்தோலிக்கர்களிடம் கடிதம் எழுதித் திரட்டிய நன்கொடையும்தான். ரோஸ்பட் வழக்கில் 1908இல் உச்ச நீதிமன்றம், பழங்குடியினரின் சொந்த ஒப்பந்தப் பணத்தை அவர்கள் விருப்பப்படி மிஷன் பள்ளிக்குச் செலவிடலாம், அது வரிப்பணம் ஆகாது என்று தீர்த்தது.

கட்டாயம் இருந்ததா என்றால், சட்டத்தில் இருந்தது. 1893 சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு ரேஷனை நிறுத்த அதிகாரம் கொடுத்தது. 1894 சட்டம் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மாநிலத்துக்கு வெளியே அனுப்பக்கூடாது என்றது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏதோ ஒரு பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும், ஆனால் தூரத்துக்கு அனுப்ப மறுக்கலாம். பிளாக் கோல் காட்டிய இடத்தில் நின்ற பள்ளியின் மதிப்பு இங்கே தெரிகிறது. பெற்றோர் பக்கத்திலேயே கூடாரம் போட்டுப் பிள்ளையைப் பார்க்கலாம். ஓடிப்போகும் பிள்ளையும் இரவுக்குள் வீடு சேர்ந்துவிடும்.

ஆனாலும் அது விடுதிப் பள்ளிதான். மென்மையாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பள்ளிகளில் சேர்ந்த நாளிலேயே முதலில் நடப்பது முடி வெட்டுவது. சமவெளி மக்களிடம் முடியை அறுத்துக்கொள்வது துக்கத்தின் அடையாளம். வீட்டில் யாரோ செத்துவிட்டார்களோ என்று ஆறு வயதுப் பிள்ளை நினைத்து அழுவதற்கு அது போதும். பிறகு புதுப் பெயர், சீருடை, மணியோசைக்கு எழுந்து வரிசையில் நிற்பது. ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்ற விதியின் பாதிப்பு ஒரு தலைமுறையில் தெரியாது. தண்டனை வாங்கி வளர்ந்தவர்கள் பெற்றோரானபோது, தம் பிள்ளைகளுக்கு அந்தத் தண்டனை வேண்டாம் என்று வீட்டிலும் ஆங்கிலம் பேசத் தொடங்கினார்கள். மொழி அறுந்தது அந்த இடத்தில்தான். 2008இல் அரப்பாஹோ மொழியிலேயே சிறு குழந்தைகளை வளர்க்கும் மூழ்கல் பள்ளி ஒன்று தொடங்க வேண்டி வந்ததற்குக் காரணம் இதுவே.

மதம் மாறிவிட்டார்களா என்ற கேள்விக்கு விண்ட் ரிவரில் கிடைக்கும் பதில் வெளியாட்களைக் குழப்பும். ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்களே கோடையில் சூரிய நடனம் என்ற பழைய சடங்குக்கும் நோன்பிருந்தார்கள். அரப்பாஹோவின் மிகப் புனிதமான பொருளான தட்டைப் புகைக்குழல் வடக்குப் பிரிவினரிடமே காக்கப்பட்டு வருகிறது. மிஷன் அதை அசைக்கவில்லை. முதியோர் இரண்டையும் எதிரெதிராகப் பார்க்கவில்லை. வேண்டுதல் என்றால் வேண்டுதல்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். குருக்கள்தான் இதைப் புரிந்துகொள்ள இரண்டு தலைமுறை எடுத்துக்கொண்டார்கள். 1928இல் கட்டிய மிஷன் தேவாலயத்துக்குள் இன்று போனால், சுவரில் அரப்பாஹோ மணிவேலைப்பாட்டில் வரும் முக்கோணங்களும் படிக்கட்டு வடிவங்களும் வண்ணத்தில் இருக்கும். அந்த வடிவங்களுக்கு அகராதி போட முடியாது. 1900 வாக்கில் அங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் கிரோபர், ஒரே முக்கோணத்துக்கு ஒரு பெண் மலை என்றும் இன்னொரு பெண் கூடாரம் என்றும் பொருள் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். கோயில் சுவரைப் பார்த்து "இதற்கு இதுதான் அர்த்தம்" என்று சுற்றுலாக் குறிப்புகள் சொல்வதை நம்பாதீர்கள்.

விடுதி 1930களின் இறுதியில் மூடப்பட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்து பேருந்தில் வரும் பகல் பள்ளியானது. சாலை வந்ததும் பேருந்து வந்ததும் விடுதிக்கான காரணத்தையே எடுத்துவிட்டன. 1960களில் செலவு ஏறியது, பாடம் நடத்தக் கன்னியர் கிடைப்பது குறைந்தது. எத்தனையோ மிஷன் பள்ளிகள் அந்தக் காலத்தில் மூடப்பட்டன. செயின்ட் ஸ்டீஃபன்ஸ் மூடப்படாததற்குக் காரணம் அதன் சுற்றுவட்டாரத்துப் பெற்றோர்கள். 1975இல் வந்த பூர்வகுடிச் சுயநிர்ணய, கல்வி உதவிச் சட்டம், அரசு நடத்தும் திட்டங்களைப் பழங்குடி அமைப்புகளே ஒப்பந்தம் போட்டு நடத்தலாம் என்றது. அந்த ஆண்டுகளில் பள்ளி இயேசு சபையிடமிருந்து பூர்வகுடிகளே உறுப்பினரான கல்விக் குழுவின் கைக்கு வந்தது. பணம் கூட்டரசின் பூர்வகுடிக் கல்வித் துறையிடமிருந்து வருகிறது. பெயர் செயின்ட் ஸ்டீஃபன்ஸ்தான், நிர்வாகம் சபையுடையது அல்ல. கோயிலும் அதன் வழிபாட்டுச் சமூகமும் தனி, பள்ளி தனி. இதைத் தெரியாமல் இன்றைய பள்ளியைக் கத்தோலிக்கப் பள்ளி என்றே பலர் எழுதுகிறார்கள்.

2024இல் வெளியான கூட்டரசு அறிக்கையின் இரண்டாம் பகுதி நாடு முழுக்க 417 கூட்டரசு விடுதிப் பள்ளிகளையும், அவற்றில் இறந்த குறைந்தது 973 பிள்ளைகளையும் கணக்கிட்டது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க ஆயர்கள் பேரவையும், அக்டோபரில் அதிபர் பைடனும் மன்னிப்புக் கேட்டார்கள். இந்த எண்ணிக்கையைப் படித்துவிட்டு ஒரு குறிப்பிட்ட பள்ளியைப் பற்றி முடிவுக்கு வர முடியாது. ஒவ்வொன்றின் ஆவணத்தையும் தனித்தனியாகத் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

திறந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி இது. கத்தோலிக்கப் பூர்வகுடி மறைப்பணிச் செயலகத்தின் ஆவணங்கள் மில்வாக்கியில் உள்ள மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. குருக்களின் கடிதம், கட்டட விண்ணப்பம், புகைப்படம் எல்லாம் அங்கே கிடைக்கும். விண்ட் ரிவர் ஏஜென்சியின் அரசுக் கோப்புகள் டென்வரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 75ஆம் பதிவுத் தொகுதியில். 1885 முதல் 1940 வரை எடுத்த பூர்வகுடிக் குடிக்கணக்குப் பட்டியல்கள் நுண்படமாகவும் இணையத்திலும் கிடைக்கின்றன. மூன்றையும் சேர்த்தே படியுங்கள். பள்ளிப் பதிவில் ஒரு பிள்ளைக்குப் புனிதர் பெயர் இருக்கும், குடிக்கணக்கில் அரப்பாஹோ பெயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கும், அடுத்த ஆண்டு எழுத்தர் மாறினால் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் வரும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பிள்ளை மூன்று பிள்ளைகளாகத் தெரியும். தந்தை பெயர், குடும்ப வரிசை எண், வயது மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வயதில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் சகஜம், அது ஏஜெண்டின் ஊகம்.

டகோட்டாவில் ஸ்டீஃபன் என்றே பெயருள்ள இடத்தில் இன்னொரு கத்தோலிக்கப் பள்ளி இருந்தது. அந்தப் பெயர் செயலகத்தின் இயக்குநராக இருந்த ஜோசஃப் ஸ்டீஃபனைக் குறிப்பது. கடிதக் கட்டுகளில் இரண்டும் கலந்து கிடக்கும், எனவே கடிதத்தின் தலைப்பில் மாநிலம் வயோமிங்கா என்று முதலில் பாருங்கள். வருகை அறிக்கைகளைப் படிக்கும்போது, சேர்ந்தவர் எண்ணிக்கைக்கும் சராசரி வருகைக்கும் தனித்தனி வரிசை இருக்கும். ஒப்பந்தப் பணம் சராசரி வருகையைப் பொறுத்தது. சேர்ந்தவர் எண்ணிக்கை அப்படியே இருக்க, ஒரு காலாண்டில் சராசரி திடீரென்று சரிந்திருந்தால், அதே மாதங்களின் கடிதங்களை எடுங்கள். நோய் வந்ததா, பிள்ளைகள் ஓடினார்களா, பெற்றோர் வந்து அழைத்துப் போனார்களா என்பது பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.